32-ஆ, 64-ஆ என்று முதலில் கேளுங்கள்

ஜாவா ப்ளகினில் நேட்டிவ் லைப்ரரி லோட் ஆகவில்லை என்று யாராவது ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் நான் கோடைக் கேட்பதில்லை. “டாஸ்க் மேனேஜரைத் திறங்க. ஓடுகிற ஜாவா 32 பிட்டா, 64 பிட்டா?” என்பேன். பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மீதிப் பாதிக்காகத்தான் இந்த நீளமான பதிவு.

என் பிழைப்பு எக்லிப்ஸ் மேல் ஓடும் கருவிகளுக்கு ப்ளகின் எழுதுவது. பெங்களூரில் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. 1985-இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே கடை விரித்த பிறகு சிப் கம்பெனிகள் வரிசையாக வந்தன. சிப் விற்பவர் அதற்கு ப்ரோக்ராம் எழுத ஒரு கருவியும் தரவேண்டும். பல கம்பெனிகள் அந்தக் கருவியை எக்லிப்ஸ் மேல்தான் கட்டின. முகப்பு முழுக்க ஜாவா, போர்டோடு பேசுகிற பகுதி மட்டும் சி-யில் எழுதிய டிஎல்எல். எக்லிப்ஸின் ஜாவா கம்பைலரைப் பல வருடங்களாகக் கவனித்துவரும் ஐபிஎம் ஆட்களில் கணிசமானவர்கள் இதே ஊர்க்காரர்கள். இவ்வளவு பேர் சுற்றி இருந்தும், நேட்டிவ் சிக்கலை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதை நான் கற்றது ஜெயநகர் நாலாவது ப்ளாக்கில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில்தான். நம் நாட்டில் ஜாவாவும் நேட்டிவ் டிஎல்எல்லும் மோதிக்கொண்டதைத் தொழில்நுட்பமே தெரியாத லட்சோபலட்சம் பேர் அனுபவித்த இடம் அதுதான்: டிஜிட்டல் கையொப்ப டோக்கன்.

பென் டிரைவ் மாதிரி இருக்கும் அந்த யுஎஸ்பி டோக்கனுக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அதை வெளியே எடுக்க முடியாது. கையொப்பமிட வேண்டிய ஆவணத்தின் ஹாஷ் டோக்கனுக்கு உள்ளே போகும், கையொப்பம் வெளியே வரும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதற்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ21 தளம் 2006-இல் வந்தது. அப்புறம் டெண்டர் தளங்கள், வருமான வரி, 2017 ஜூலையிலிருந்து ஜிஎஸ்டி என்று டோக்கன் இல்லாமல் ஆடிட்டர் வாழ முடியாது என்றாகிவிட்டது. சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களில் பெரியவற்றில் ஒன்றான இமுத்ரா பெங்களூர்க் கம்பெனி. ஜிஎஸ்டி தளத்தைக் கட்டிய இன்ஃபோசிஸும் இந்த ஊர்தான். ஆக, இது எங்கள் உள்ளூர் விவகாரம்.

டோக்கனோடு பேசுவதற்கு பிகேசிஎஸ் 11 என்று ஒரு பொது மொழி உண்டு. அது சி மொழி இடைமுகம். டோக்கன் தயாரிப்பாளர் அதற்கு ஒரு டிஎல்எல் தருவார். ஜாவாவில் 5-ஆம் பதிப்பிலிருந்து சன் பிகேசிஎஸ்11 என்ற ப்ரொவைடர் இருக்கிறது, டிஎல்எல் எங்கே இருக்கிறது என்று ஒரு சின்ன கான்ஃபிக் ஃபைலில் எழுதிக் கொடுத்தால் போதும். அந்தக் காலத்து வரிசை இப்படி: ப்ரவுசர், அதற்குள் ஜாவா ப்ளகின், அதற்குள் ஆப்லெட், அது கூப்பிடும் ப்ரொவைடர், ப்ரொவைடர் தூக்கும் டிஎல்எல், டிஎல்எல் கேட்கும் விண்டோஸின் ஸ்மார்ட் கார்டு சர்வீஸ், கடைசியில் டோக்கன். இதில் எங்கே அறுந்தாலும் ஆடிட்டருக்குத் தெரிவது ஒரே ஒரு காலிக் கட்டம்.

இப்போது பிட் கதைக்கு வருகிறேன். விண்டோஸ் 7 காலத்தில் புது மெஷின்கள் பலவும் 64 பிட்டாக வந்தன. அதில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இரண்டு இருக்கும், 32 ஒன்று, 64 ஒன்று. சாதாரணமாகத் திறப்பது 32. ஆடிட்டர் ஆபீஸில் பயிற்சிக்கு வந்த ஆர்டிகிள் பையன் “நம்ம மெஷின் 64 பிட்” என்று நினைத்து 64 பிட் ஜாவாவை இறக்கிப் போடுவான். 32 பிட் ப்ரவுசர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சரி, 64 பிட் ப்ரவுசரைத் திறப்போம் என்றால் அங்கே அடுத்த பள்ளம். 64 பிட் விண்டோஸுக்கான ஜாவா 7-இல் சன் பிகேசிஎஸ்11 ப்ரொவைடரே கிடையாது. சேர்க்கவே இல்லை. 2014 மார்ச்சில் வந்த ஜாவா 8-இல்தான், ஜெப் 131 என்ற திட்டத்தின் கீழ், அதைச் சேர்த்தார்கள். அதுவரை வந்த பிழைச்செய்தி என்ன தெரியுமா? “க்ளாஸ் நாட் ஃபவுண்ட்.” அதைப் படித்த டெவலப்பர் என்ன செய்வான்? ஏதோ ஜார் ஃபைல் விட்டுப்போயிற்று என்று இணையமெல்லாம் தேடுவான். அந்த மெஷினில் இல்லவே இல்லாத ஒன்றை, க்ளாஸ்பாத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பான்.

இதைத்தான் இந்தப் பதிவில் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். நேட்டிவ் விஷயத்தில் ஜாவா சொல்லும் பிழைச்செய்தி, ஜாவாவுக்குத் தெரிந்த அளவுக்குத்தான் சொல்லும். உண்மை ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் இருக்கிறது. எந்த ப்ராசஸ் ஓடுகிறது, அது எத்தனை பிட், எந்தப் பாதையிலிருந்து எதை எடுத்தது என்பதை அங்கே போய்ப் பார்க்காமல் ஜாவா கோடைத் திருத்துவது வீண் வேலை.

விண்டோஸ் இதில் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறது. 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் ஃபைல்கள். 32 பிட் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரின் பெயர் சிஸ்வாவ்64. ஆம், பெயரும் சரக்கும் தலைகீழ். இதோடு நிற்கவில்லை. 32 பிட் ப்ராசஸ் ஒன்று சிஸ்டம்32-ஐக் கேட்டால் விண்டோஸ் சத்தமில்லாமல் சிஸ்வாவ்64-க்குத் திருப்பிவிடும். கான்ஃபிக் ஃபைலில் ஒரே பாதை, ஆனால் ஓடுகிற ஜாவாவைப் பொறுத்து இரண்டு வேறு டிஎல்எல்கள். “எக்ஸ்ப்ளோரரில் ஃபைல் கண்ணெதிரே இருக்கு, ஜாவா இல்லைங்குது” என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, ஜாவாவும் பொய் சொல்லவில்லை.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. டோக்கன் தயாரிப்பாளரின் டிஎல்எல் “ப்ரோக்ராம் ஃபைல்ஸ் (எக்ஸ்86)” ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறது. பழைய ஜாவா பதிப்புகளில் அந்த கான்ஃபிக் ஃபைலைப் படிக்கும் பகுதிக்குப் பாதையில் அடைப்புக்குறி வந்தால் பிடிக்காது, படிக்கும்போதே பிழை எறிந்துவிடும். சரி, அடைப்புக்குறி வேண்டாம், விண்டோஸின் எட்டெழுத்துச் சுருக்கப் பெயரைக் கொடுப்போம் என்றால் அதில் வரும் அலைக்குறியும் ஆகாது. டிஎல்எல்லை அடைப்புக்குறி இல்லாத வேறு ஃபோல்டருக்கு நகலெடுப்பதுதான் ஊரெல்லாம் செய்த வைத்தியம். நகலெடுத்தால் ஓடுமா? சில சமயம் ஓடும். சில சமயம் “கான்ட் ஃபைண்ட் டிபெண்டென்ட் லைப்ரரீஸ்” என்று வரும். ஏனென்றால் அந்த டிஎல்எல்லுக்குத் துணையான இன்னும் இரண்டு டிஎல்எல்கள் பழைய ஃபோல்டரிலேயே தங்கிவிட்டன.

நேட்டிவ் லைப்ரரி என்பது வீட்டோட மாப்பிள்ளை. தனியாக வரமாட்டார், சொந்தபந்தத்தோடு வருவார். வீட்டுச் சட்டம் அவருக்குச் செல்லாது, ஆனால் அவர் விழுந்தால் வீடே விழும். ஜாவாவில் ஒரு ப்ளகின் தப்பு செய்தால் எக்செப்ஷன் வரும், பிடித்துக்கொள்ளலாம். டிஎல்எல் தப்பான நினைவகத்தைத் தொட்டால் ஜேவிஎம்மோடு சேர்ந்து பக்கத்து ப்ளகின்களும் பயனர் சேமிக்காத வேலையும் போய்விடும்.

அந்தச் சொந்தபந்தத்தைக் கண்டுபிடிக்க லினக்ஸில் எல்டிடி கட்டளை, மேக்கில் ஓடூல், விண்டோஸில் டிபெண்டென்சி வாக்கர் அல்லது அதன் புதிய வாரிசான டிபெண்டென்சீஸ். பெரும்பாலும் விடுபட்டிருப்பது மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிப்யூட்டபிள்தான். டெவலப்பர் மெஷினில் விஷுவல் ஸ்டுடியோ இருப்பதால் அது தானாகவே இருக்கும். எஸ்.பி. ரோட்டில் வாங்கி அன்றைக்குத்தான் விண்டோஸ் போட்ட செகண்ட் ஹேண்ட் மெஷினில் இருக்காது. அதனால்தான் அப்படிப்பட்ட ஒரு மெஷினை வெளியே விடும் முன் சோதிக்கவென்றே எங்கள் ஆபீஸில் வைத்திருக்கிறோம். அதில் எதையும் இன்ஸ்டால் பண்ணக் கூடாது என்று மேலே ஒரு சீட்டும் ஒட்டியிருக்கிறது.

அந்த ஜெயநகர் ஆடிட்டர் சாரிடம் வருகிறேன். சேலத்துக்காரர், பெங்களூர் வந்து முப்பது வருடத்துக்கு மேல். அவர் போன் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

“தம்பி, நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு. நான் எதையும் தொடலை.”

“ஜாவா அப்டேட் ஏதாவது கேட்டுச்சா சார்?”

“அது தினமும் கேக்குது. ஓகே குடுத்தேன்.”

“எப்போ?”

“காலையில.”

2014 ஜனவரியில் வந்த ஜாவா 7 அப்டேட் 51-ஐ அந்தக் காலத்து ஆடிட்டர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள், எண் தெரியாவிட்டாலும். தானே கையொப்பமிட்டுக்கொண்ட ஆப்லெட்டுகளையும், மேனிஃபெஸ்ட்டில் பெர்மிஷன்ஸ் வரி இல்லாத ஆப்லெட்டுகளையும் அது இயல்பாகவே தடுத்துவிட்டது. தாண்டிப்போக ஒரு வழி, கண்ட்ரோல் பேனலில் ஜாவாவைத் திறந்து எக்செப்ஷன் சைட் லிஸ்ட்டில் தளத்தின் முகவரியைச் சேர்ப்பது. ஆர்டிகிள் பையன்கள் இதில் கைதேர்ந்துவிட்டார்கள். ஜாவா கண்ட்ரோல் பேனலை இந்தியாவில் டெவலப்பர்களைவிட அதிகம் திறந்தவர்கள் ஆடிட்டர் ஆபீஸ்காரர்கள்தான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

அடுத்த அடி ப்ரவுசரிலிருந்து விழுந்தது. ஜாவா ப்ளகின் உட்கார்ந்திருந்த என்பிஏபிஐ என்ற பழைய மேடையை க்ரோம் 2015 செப்டம்பரில் முற்றிலும் பிடுங்கியது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் ஜாவாவுக்கு அந்த வழியை மூடியது. ஆரக்கிளும் 2018-இல் ஜாவா 11-இல் ப்ளகினையே தூக்கிவிட்டது. ப்ரவுசருக்குள் டிஎல்எல்லை இழுத்து வருகிற வழி அடைபட்டதும் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்: பயனரின் மெஷினிலேயே தனி ப்ரோக்ராம் ஒன்று ஓடும், லோக்கல்ஹோஸ்ட்டில் ஒரு போர்ட்டைத் திறந்து காத்திருக்கும், வலைப்பக்கம் அதோடு பேசிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளும். ஜிஎஸ்டிக்கு வந்த எம்சைனர் அந்த வகைதான், 1585 என்ற போர்ட்டில் உட்காரும்.

புலம்பாதவர் இல்லை. ஒரு ப்ரோக்ராமை இன்ஸ்டால் பண்ணி, அட்மினாக ஓடவிட்டு, லோக்கல்ஹோஸ்ட் சான்றிதழை ப்ரவுசர் நம்பும்படி செய்து என்று புது வேலைகள் முளைத்தன. ஃபயர்ஃபாக்ஸ் அப்போது தன் தனிச் சான்றிதழ்க் கிடங்கை மட்டும் நம்பியதால் க்ரோமில் ஓடியது அதில் ஓடவில்லை. இருந்தாலும் என் பார்வையில் அது நல்ல மாற்றம். ப்ரவுசர் எத்தனை பிட், எந்த ஜாவா என்ற கேள்விகள் ஒரே நாளில் செத்துப்போயின. டிஎல்எல் செத்தால் உதவி ப்ரோக்ராம் சாகும், ப்ரவுசர் பிழைக்கும். வழி அடைபடாமல் இருந்திருந்தால் யாரும் தானாக இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டு எக்லிப்ஸுக்குத் திரும்பினேன். அங்கே கதை அதேதான், ஆட்கள்தான் வேறு.

முதலில், எந்த ஜாவா? டெர்மினலில் ஜாவா வெர்ஷன் கேட்டால் ஒன்று சொல்லும். எக்லிப்ஸ் வேறொன்றில் ஓடிக்கொண்டிருக்கும். 2020 செப்டம்பர் வெளியீட்டிலிருந்து எக்லிப்ஸ் தொகுப்புகள் தங்களோடு ஒரு ஜாவாவையும் கொண்டுவருகின்றன. எக்லிப்ஸ்.ஐஎன்ஐ ஃபைலில் விஎம் என்ற வரிக்கு அடுத்த தனி வரியில் பாதை இருக்கவேண்டும், அதுவும் விஎம்ஆர்க்ஸ் வரிக்கு மேலே. கீழே எழுதினால் எந்தப் புகாரும் இல்லாமல் புறக்கணித்துவிடும். ஆகவே டெர்மினலை நம்பாதீர்கள், எக்லிப்ஸின் ‘அபௌட்’ பெட்டியில் இன்ஸ்டலேஷன் விவரங்களைத் திறந்து அது தன் வாயால் என்ன சொல்கிறது என்று பாருங்கள். அதே இடத்தில் ஜாவா லைப்ரரி பாத்தும் கிடைக்கும்.

டெர்மினலிலிருந்து கிளப்பினால் ஓடும், ஐகானைச் சொடுக்கினால் ஓடாது என்பதும் இதே குடும்பம். மேக்கில் ஐகானிலிருந்து கிளம்பும் ப்ரோக்ராம் உங்கள் ஷெல்லின் அமைப்புகளைப் படிக்காது. டிஒய்எல்டி என்று தொடங்கும் என்விரான்மென்ட் மாறிகளையோ, 2015-இல் வந்த சிஸ்டம் இன்டக்ரிட்டி பாதுகாப்பு பல இடங்களில் வழியிலேயே உருவிவிடும்.

ஓஎஸ்ஜிஐ என்ற ப்ளகின் அமைப்பு வந்தபின் (எக்லிப்ஸ் 2004-இல் 3.0-இலிருந்து அதன்மேல்தான் நிற்கிறது) ஒவ்வொரு ப்ளகினுக்கும் ஒரு க்ளாஸ்லோடர். ஜேவிஎம்மிடம் ஒரு கறாரான விதி உண்டு: ஒரு நேட்டிவ் லைப்ரரியை ஒரே நேரத்தில் ஒரு க்ளாஸ்லோடர்தான் வைத்திருக்கலாம். ப்ளகினைப் புதுப்பித்து, ரீஸ்டார்ட் செய்யாமலே ஓடவிட்டால் புது க்ளாஸ்லோடர் வரும், பழையது இன்னும் குப்பை சேகரிப்பில் போயிருக்காது. “ஆல்ரெடி லோடட் இன் அனதர் க்ளாஸ்லோடர்” என்று முகத்தில் அடிக்கும். குப்பை சேகரிப்பைக் கட்டாயப்படுத்திப் பார்ப்பது, டிஎல்எல்லுக்கு வேறு பெயர் வைத்து நகலெடுப்பது எல்லாம் எங்கள் ஆபீஸிலும் பார்த்திருக்கிறேன். அதில் நேரத்தை விடாதீர்கள். நேட்டிவ் கோடைத் தொடும் க்ளாஸ்களை மட்டும் தனி பண்டிலாகப் பிரியுங்கள். அது அபூர்வமாகத்தான் மாறும், மாறும்போது ரீஸ்டார்ட் கேளுங்கள். பயனர்கள் ரீஸ்டார்ட்டுக்குக் கோபித்துக்கொள்வதில்லை, புரியாத பிழைக்குத்தான் கோபித்துக்கொள்கிறார்கள்.

பண்டிலின் மேனிஃபெஸ்ட்டில் பண்டில்-நேட்டிவ்கோடு என்ற வரியில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு, எந்த ப்ராசசருக்கு எந்த ஃபைல் என்று எழுதலாம். எக்லிப்ஸ் சரியான ஃபைலை எடுத்துக்கொடுக்கும். ஆனால் அது எடுத்துக்கொடுப்பது நீங்கள் கேட்ட லைப்ரரியை மட்டும். அதற்குத் துணையான லைப்ரரிகளைத் தேடுவது ஆபரேட்டிங் சிஸ்டம், அதற்கு உங்கள் மேனிஃபெஸ்ட் பற்றி எதுவும் தெரியாது. விண்டோஸில் துணை டிஎல்எல்களை முதலில், ஒழுங்கான வரிசையில், ஜாவாவிலிருந்தே லோட் செய்துவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். லினக்ஸில் பில்ட் பண்ணும்போதே ஆர்பாத்தை ஒரிஜின் என்று வைத்துவிடுங்கள், பக்கத்திலேயே தேடிக்கொள்ளும்.

சி பக்கமிருந்து ஜாவாவைத் திருப்பிக் கூப்பிடுபவர்களுக்கு ஒரு தனிக் குழி. போர்டிலிருந்து தகவல் வந்ததும் டிஎல்எல் தன்னுடைய த்ரெட்டிலிருந்து ஜாவாவைக் கூப்பிடுகிறது. அந்த த்ரெட் ஜேவிஎம்மோடு அட்டாச் ஆகியும் ஃபைண்ட்க்ளாஸ் உங்கள் ப்ளகினின் க்ளாஸைக் காணவில்லை என்கிறது. ஜாவா கோடு எதுவும் அடியில் இல்லாத த்ரெட்டில் அது சிஸ்டம் க்ளாஸ்லோடரிடம்தான் கேட்கும், சிஸ்டம் க்ளாஸ்லோடருக்கு ஓஎஸ்ஜிஐ பண்டில்கள் தெரியாது. சாதாரண ஜாவா ப்ரோக்ராமாக ஓட்டினால் ஓடும், ப்ளகினுக்குள் வைத்தால் ஓடாது. லைப்ரரி லோட் ஆகும்போது கூப்பிடப்படும் ஜேஎன்ஐ ஆன்லோட் ஃபங்ஷனிலேயே வேண்டிய க்ளாஸ்களைப் பிடித்து குளோபல் ரெஃபரன்ஸாக வைத்துக்கொள்வதுதான் வழி. ஜாவாவையும் சி-யையும் இணைக்கும் ஜேஎன்ஐ பற்றிய பாடங்கள் பலவும் இதை ஓரமாகச் சொல்லிவிட்டு நகர்கின்றன. ப்ளகின் எழுதுபவருக்கு இதுதான் முதல் பக்கத்தில் இருக்கவேண்டும்.

டெம்ப் ஃபோல்டர் விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜேஎன்ஏ போன்றவை ஜாருக்குள் இருக்கும் நேட்டிவ் ஃபைலை டெம்ப்பில் பிரித்துப் போட்டு லோட் செய்யும். சில ஆபீஸ் லினக்ஸ் மெஷின்களில் டெம்ப் நோஎக்செக் என்று மவுன்ட் ஆகியிருக்கும், லோட் ஆகாது. விண்டோஸில் ஆன்டிவைரஸ் அதைக் கண்ட மாத்திரத்தில் தூக்கிவிடும். ஃபோல்டரை மாற்றுங்கள், அவ்வளவுதான்.

ஜேவிஎம்மே செத்துவிட்டால் பலரும் பயப்படுகிறார்கள். எனக்கு அதுதான் சுலபமான கேஸ். எச்எஸ்எர் என்று தொடங்கும் ஒரு ஃபைலை ஜேவிஎம் விட்டுவிட்டுப் போகிறது. அதில் “ப்ராப்ளமாட்டிக் ஃப்ரேம்” என்ற வரியைப் பாருங்கள். பெரிய சி எழுத்து இருந்தால் செத்தது நேட்டிவ் கோடில், பக்கத்திலேயே லைப்ரரியின் பெயரும் இருக்கும். பெரிய வி என்றால் ஜேவிஎம்முக்குள். பெரிய வி என்றவுடன் ஆரக்கிள்மேல் பழி போடாதீர்கள். உங்கள் சி கோடு அனுப்பிய தப்பான ரெஃபரன்ஸால் ஜேவிஎம் பிறகு தடுக்கி விழுந்திருக்கலாம். எக்ஸ்செக் ஜேஎன்ஐ என்ற ஆப்ஷனோடு ஒருமுறை ஓடவிட்டால் அது தெரிந்துவிடும். ஓட்டம் மெதுவாகும், எச்சரிக்கைகளைக் கொட்டும், ஆனால் தப்பு நடக்கும் இடத்தையே காட்டிக்கொடுக்கும்.

அந்த எச்எஸ்எர் ஃபைலில் இன்னும் கீழே போனால் டைனமிக் லைப்ரரீஸ் என்று ஒரு நீண்ட பட்டியல். சாகும் நேரத்தில் அந்த ப்ராசஸுக்குள் யார் யார் இருந்தார்கள், எந்தப் பாதையிலிருந்து வந்தார்கள் என்று எல்லாம் இருக்கும். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் மெஷினில் மட்டும் எங்கள் கருவி செத்துக்கொண்டே இருந்தது. பட்டியலைப் படித்தால் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பாதுகாப்பு மென்பொருளின் டிஎல்எல் நடுவில் உட்கார்ந்திருந்தது. யாரும் அழைக்காமல் எல்லா ப்ராசஸ்களுக்குள்ளும் தன்னை நுழைத்துக்கொள்வது அதன் வழக்கம். அவர்கள் ஐடி ஆட்கள் எங்கள் கருவிக்கு விலக்கு கொடுத்ததும் சாவு நின்றது. கோடில் ஒரு வரியும் மாறவில்லை.

2020 நவம்பரில் ஆப்பிள் எம்1 வந்தபோது பழைய 32-64 சண்டை புது வேஷத்தில் திரும்பியது. லைப்ரரி எக்ஸ்86, ஜாவா ஆர்ம். “ரோசெட்டா இருக்கே, அது மொழிபெயர்க்காதா?” என்று இளைஞர்கள் கேட்பார்கள். ரோசெட்டா முழு ப்ராசஸையும் மொழிபெயர்க்கும், பாதியை அல்ல. ஜாவாவும் எக்ஸ்86 ஆக இருந்தால் இரண்டும் ஓடும். ஜாவா மட்டும் ஆர்ம் என்றால் அந்த லைப்ரரி உள்ளே வரவே முடியாது. ஜெயநகரில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்த அதே சிக்கல்.

டோக்கன் வேலை செய்பவர்களுக்கு மட்டும் இரண்டு எச்சரிக்கைகள். ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து டோக்கனைச் சோதிக்காதீர்கள். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் அமர்வில் தெரிவது நீங்கள் உட்கார்ந்திருக்கும் மெஷினில் செருகிய ஸ்மார்ட் கார்டுகள்தான். தூரத்து மெஷினில் செருகியிருப்பது அந்த அமர்வுக்குத் தெரியாது. டோக்கன் அங்கே மின்னிக்கொண்டிருக்கும், ஜாவா ஸ்லாட் காலி என்று சாதிக்கும், நீங்கள் இரவெல்லாம் ஜாவாவைக் குறை சொல்வீர்கள். இரண்டாவது, பின் எண் கேட்கும் இடத்தில் ஒருபோதும் தானியங்கி மறுமுயற்சி வைக்காதீர்கள். நெட்வொர்க் கோடு எழுதிப் பழகிய கை, தோற்றால் மீண்டும் முயல் என்று எழுதிவிடும். டோக்கன் தப்பான பின்னை எண்ணிக்கொண்டே இருக்கிறது, ஒரு அளவுக்கு மேல் பூட்டிக்கொள்ளும். கடைசித் தேதியன்று மாலை டோக்கன் பூட்டிக்கொண்டால் ஆடிட்டர் உங்களை என்ன சொல்லி அழைப்பார் என்பதை இங்கே எழுத முடியாது.

விண்டோஸில் மட்டும் ஓடினால் போதும் என்றால் பிகேசிஎஸ் 11 பக்கமே போகாமல் விண்டோஸின் சான்றிதழ்க் கிடங்கு வழியாகப் போகலாம், ஜாவாவிலேயே அதற்கு ப்ரொவைடர் உண்டு. தயாரிப்பாளரின் டிஎல்எல் பாதையை நீங்கள் தேட வேண்டியதில்லை. லினக்ஸும் வேண்டும் என்பவர்களுக்கு இந்த வசதி இல்லை.

இப்போது புதிதாக எழுதுகிறவர்கள் ஜேஎன்ஐ வேண்டாம், 2024 மார்ச்சில் ஜாவா 22-இல் நிலைபெற்ற ஃபாரின் ஃபங்ஷன் ஏபிஐ போதுமே என்கிறார்கள். சி-யில் ஒட்டுக்கோடு எழுதும் வேலை மிச்சம் என்பது உண்மை, எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அது ஒட்டுக்கோடைத்தான் ஒழிக்கிறது, பிட்டையும் பாதையையும் அல்ல. ஜாவா 24-இலிருந்து அனுமதி கொடுக்காமல் நேட்டிவ் லைப்ரரியை லோட் செய்தால் ஓர் எச்சரிக்கை அச்சாகிறது. பின்னாளில் அதைப் பிழையாக்கிவிடப் போகிறார்கள் என்று ஜெப் 472 முன்கூட்டியே சொல்லிவிட்டது. ப்ளகின்காரர்களுக்கு இதில் ஒரு தலைவலி இருக்கிறது. அனுமதியை ஜேவிஎம் கிளம்பும்போது கொடுக்கவேண்டும், கிளப்புவது நாமல்ல, எக்லிப்ஸ்.

அதனால் எங்கள் புதுக் கருவியில் டிஎல்எல்லை வெளியே தள்ளிவிட்டோம். போர்டோடு பேசுவது ஒரு சின்ன சி ப்ரோக்ராம், தனி ப்ராசஸ். ப்ளகின் அதைக் கிளப்பி, ஸ்டாண்டர்ட் இன்புட் அவுட்புட் வழியாக வரி வரியாகப் பேசுகிறது. வேகம் குறையாதா என்று ரிவ்யூவில் கேட்டார்கள். யுஎஸ்பி கேபிளின் மறுமுனையில் இருக்கும் போர்டு பதில் சொல்ல எடுக்கும் நேரத்துக்கு முன்னால் இந்தச் செலவு கணக்கிலேயே வராது. படச்சட்டங்களை வினாடிக்கு அறுபது என்று தள்ளுகிறவர் இப்படிச் செய்யக் கூடாது, அவருக்கு ஒரே ப்ராசஸ்தான் சரி. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே ப்ராசஸ் தேவையே இல்லை என்பது என் கட்சி.

போன வாரம் ஆடிட்டர் சார் மறுபடி கூப்பிட்டார். மகன் ஸ்னாப்ட்ராகன் சிப் போட்ட புது விண்டோஸ் லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கிறாராம், சார்ஜ் நாள் முழுக்க நிற்கிறதாம், டோக்கன் மட்டும் தெரியவில்லையாம். எக்ஸ்86 ப்ரோக்ராம்களை அந்த விண்டோஸ் எமுலேட் செய்யும், டிரைவர்களைச் செய்யாது. டோக்கன் விண்டோஸின் பொதுவான டிரைவரோடு பேசும் வகையென்றால் 64 பிட் எக்ஸ்86 ஜாவாவைப் போட்டுப் பார்க்கலாம். தயாரிப்பாளரின் சொந்த டிரைவர் வேண்டுமென்றால் அவர் ஆர்முக்கு எழுதித் தரும்வரை ஒன்றும் செய்வதற்கில்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்து டோக்கன் எந்தப் பெயரில் தெரிகிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதுவரை பழைய டெல் மெஷினிலேயே தாக்கல் செய்யுங்கள் சார் என்றேன். “அது 32-ஆ 64-ஆ தம்பி?” என்றார்.